அல் அஹ்லிக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கக் கால்பந்து பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஐரோப்பிய லீகுகளின் செய்திகளே நாள்தோறும் அரைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில், கெய்ரோ நகரத்துக் கிளப் ஒன்றுக்கு நான்கு பத்திகள் கிடைத்ததே பெரிது. ஆயினும் அல் அஹ்லியின் தலைவர் மஹ்மூத் அல் கதீபை 'அணியின் உரிமையாளர்' என்று அதில் குறிப்பிட்டிருந்ததும், அந்த அணி பெற்ற கோப்பைகளுக்கெல்லாம் பணபலமே காரணம் என்று முடித்திருந்ததும் என்னை எழுதவைத்தன. முதலாவது பிழை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் விட்டுப்போன மற்றப் பாதிதான் அந்தக் கிளப்பின் நூற்றாண்டு வரலாறு.

கோவை நூற்பாலைகளுக்கு எகிப்தின் நீண்ட இழைப் பருத்தியை வாங்கி அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கணக்காளராக 2010 முதல் 2021 வரை கெய்ரோவில் வாழ்ந்தேன். நான் போய் இறங்கிய முதல் நாள், விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துவந்த அலுவலக ஓட்டுநர், என் ஊர், பேர், குடும்பம் எதையும் விசாரிப்பதற்கு முன் கேட்ட கேள்வி, "அஹ்லியா, ஸமாலெக்கா?" என்பதுதான். இரண்டும் கெய்ரோவின் பெரிய கால்பந்து கிளப்புகள். எனக்கு இரண்டுமே தெரியாது என்றதும், கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படியானால் அஹ்லி" என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. ஆகவே நான் எழுதுவதில் ஒரு ரசிகனின் பற்று இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உண்மைகளைப் பற்றுக்காக வளைக்கமாட்டேன்.

அல் அஹ்லி 1907 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. எகிப்து 1882 முதல் ஆங்கிலேயரின் ராணுவப் பிடியில் இருந்த காலம் அது. நைல் நதியின் நடுவே உள்ள கஸீரா தீவில் ஆங்கில அதிகாரிகள் தங்களுக்கென்று புல்வெளிகளும் குதிரைப் பந்தயத் திடலும் கொண்ட கிளப் ஒன்றை நடத்திவந்தார்கள். உயர்கல்வி பெற்ற எகிப்திய இளைஞர்களுக்கோ மாலையில் கூடி விளையாடச் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. உயர்பள்ளி மாணவர் சங்கத்தின் தலைவராக இருந்த வழக்கறிஞர் ஓமர் லுத்ஃபிதான், மாணவர்களுக்கு அரசியல் பேச மன்றம் இருந்தால் மட்டும் போதாது, உடலை வளர்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் காரியம் தடைப்படாமல் நடக்க வேண்டுமே என்பதற்காக, நிதித்துறையில் பணியாற்றிய மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கிலேயரையே முதல் தலைவராக அமர்த்திக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் அந்தப் பொறுப்பு அஸீஸ் இஸ்ஸத் பாஷா என்ற எகிப்தியரிடம் வந்துவிட்டது. கிளப்பின் முதல் பொதுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் அப்போது கல்வி அமைச்சராக இருந்த சாத் சக்லூல். பின்னாளில் 1919 புரட்சியின் தலைவராகவும் 1924இல் பிரதமராகவும் ஆனவர் இவரே. 'அஹ்லி' என்ற அரபுச் சொல்லுக்கு நாட்டு மக்களுக்குரியது, தேசியமானது என்று பொருள். அணியின் சிவப்பு, அந்நாளைய எகிப்துக் கொடியின் நிறம். 1925இல் விதிகளைத் திருத்தி உறுப்பினர் உரிமையை எகிப்தியருக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். பெயர், நிறம், விதி ஆகிய மூன்றிலுமே 'இது எங்களுடையது' என்ற ஒரே பேச்சுத்தான் ஓடுகிறது. அந்த 'எங்களுடையது' என்பதைத்தான் தங்கள் கட்டுரையின் 'உரிமையாளர்' என்ற ஒற்றைச் சொல் துடைத்துவிட்டது.

கிளப்பின் நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். அல் அஹ்லி ஒரு சமூக, விளையாட்டு மன்றம். குடும்பம் குடும்பமாகச் சந்தா கட்டி உறுப்பினராகிறார்கள். கஸீராவிலும் நஸ்ர் நகரிலும் ஷேக் ஸாயிதிலும் உள்ள வளாகங்களில் பிள்ளைகள் நீந்துகிறார்கள், கைப்பந்தும் கூடைப்பந்தும் பழகுகிறார்கள், பெரியவர்கள் மர நிழலில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். இந்த உறுப்பினர்கள் கூடிய பொதுக்குழுவே கிளப்பின் உச்ச அதிகாரம். தலைவரையும் நிர்வாகக் குழுவையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. அதை விற்கவும் முடியாது, வாரிசுக்கு எழுதிவைக்கவும் முடியாது. அல் கதீப் அந்த நாற்காலியில் 2017 டிசம்பரில் அமர்ந்தது, அப்போது பதவியில் இருந்த மஹ்மூத் தாஹிரைத் தேர்தலில் தோற்கடித்துத்தான். உரிமையாளர் ஒருவரை வாக்குச்சீட்டில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று எண்ணிப் பார்த்தாலே சொல் தவறு என்பது விளங்கும்.

தொடக்கத்தில் தலைவர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் 'பாஷா' என்ற பட்டம் பெற்ற உயர்குடியினர். அப்துல் காலிக் ஸர்வத், ஜாஃபர் வலி, பெரும் தொழிலதிபர் அஹ்மத் அப்பூத் என்று அந்த வரிசை நீளும். செல்வாக்கும் அரசவைத் தொடர்பும் கிளப்புக்குத் தேவைப்பட்ட காலம் அது. எகிப்தின் தேசிய லீக் 1948-49இல் தொடங்கியபோது, முதல் பட்டத்தோடு தொடங்கிய அல் அஹ்லி, நிறைவு பெற்ற ஒன்பது லீகுகளை அடுத்தடுத்து வென்றது அப்பூத் பாஷாவின் காலத்தில்தான். ஆனால் பந்தை உதைத்துப் பழகிய ஒருவர் தலைவராவதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சாலிஹ் சலீம்.

இவரைப் பற்றி ஒரு கணக்காளன் எழுதுவதைவிடக் கெய்ரோவின் எந்தத் தேநீர்க் கடையிலும் அமர்ந்து கேட்பதே மேல். ரசிகர்கள் அவரை 'மாயெஸ்ட்ரோ' என்று அழைத்தார்கள். 1948இல் முதல் அணிக்கு வந்து, ஆஸ்திரியாவில் ஆடிய சிறிது காலம் நீங்கலாக, ஆட்ட வாழ்க்கை முழுவதையும் அல் அஹ்லிக்கே கொடுத்தவர். 1958இல் இஸ்மாயிலி அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 7 கோல்கள் அடித்தார். வெள்ளித்திரையில் நாயகனாகவும் நடித்தார். இத்தனை புகழும் இருந்தவர், தலைவரான பிறகு எந்த நட்சத்திரத்தின் புகழையும் கிளப்புக்கு மேலே வைக்க ஒப்பவில்லை. 'அல் அஹ்லி எல்லோருக்கும் மேல்' என்ற வாசகம் இன்று சுவரிலும் சட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை நடத்திக் காட்டியவர் அவர்.

1985இல் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சியாளர் மஹ்மூத் அல் கோஹரி நிர்வாகத்தோடு முரண்பட்டு விலகினார். அவருக்கு ஆதரவாக முதல் அணி ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். அந்த அணி ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்று. கோஹரியும் சாதாரணமானவர் அல்லர், 1982இல் கிளப்புக்கு முதல் ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையை வாங்கித் தந்தவர். எகிப்துக் கோப்பையில் அடுத்து வரும் ஆட்டமோ பரம எதிரியான ஸமாலெக்குடன். வேறு எந்தத் தலைவராக இருந்தாலும் இரவோடு இரவாக ஆளனுப்பிச் சமாதானம் பேசியிருப்பார். சாலிஹ் சலீம் முதல் அணியை இடைநீக்கம் செய்துவிட்டு இளையோர் அணியைக் களத்தில் இறக்கினார். அந்தப் பிள்ளைகள் ஸமாலெக்கை 3-2 என்று வென்றார்கள்; அந்த ஆண்டின் எகிப்துக் கோப்பையும் அல் அஹ்லிக்கே வந்தது. தோற்றிருந்தாலும் அவர் செய்தது சரியே என்பது என் எண்ணம். ஆனால் வென்றதால்தான் அது தலைமுறை தாண்டி நினைவில் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இளையோரை நம்புவது அந்தக் கிளப்புக்கு அதற்கு முன்பே பழக்கமானதுதான். 1967 போருக்குப் பின் நான்கு பருவங்கள் எகிப்தில் லீக் நடக்கவே இல்லை. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் கால்கள் களம் காணாமலே முதுமை அடைந்தன. 1973இல் ஹங்கேரியின் நாண்டோர் ஹிதெக்குட்டியை அழைத்துவந்தார்கள். 1953இல் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று ஹங்கேரி வீழ்த்திய ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தவர் அவர். வந்தவர் பெயர் பெற்றவர்களைத் தேடவில்லை. பள்ளிப் பருவம் தாண்டாத பையன்களைப் பொறுக்கி எடுத்து அணியாக்கினார். ஊரே அவர்களைச் செல்லமாக 'மாணவர்கள்' என்று அழைத்தது. 1980 வரை அவர் இருந்த காலத்தில் ஐந்து லீக் பட்டங்கள் வந்தன. அந்த மாணவர்களில் பத்தாம் எண் சட்டை போட்ட ஒல்லியான பையன்தான் மஹ்மூத் அல் கதீப். 'பீபோ' என்ற அவருடைய செல்லப்பெயரைச் சொன்னால் எகிப்தில் குழந்தைக்கும் தெரியும். 1983இல் பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் அவரை ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. 1982, 1987 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையை வென்ற அணிகளில் அவர் இருந்தார். இடையே 1984, 1985, 1986 என்று தொடர்ச்சியாக மூன்று முறை அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகளுக்கான ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கோப்பையும் வந்து சேர்ந்தது. தங்கள் கட்டுரையாளர் உரிமையாளர் என்று எழுதியது, இப்படி அந்தப் புல்லிலேயே வளர்ந்து, பின் உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டுத் தலைவரான ஒரு மனிதரைப் பற்றித்தான்.

நட்சத்திரத்துக்கு மேலே கிளப் என்ற கொள்கைக்கு விலையும் உண்டு. ஹஸன் இரட்டையர்களான ஹுஸாமும் இப்ராஹீமும் அல் அஹ்லியில் வளர்ந்து புகழடைந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அவர்கள் நேராக ஸமாலெக்குக்கே போனார்கள்; 2002இல் ஸமாலெக் ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆனது. கோல்காப்பாளர் இஸாம் அல் ஹதரி 2008இல் கிளப்பின் ஒப்புதல் இன்றிச் சுவிட்சர்லாந்தின் சியோன் அணிக்குச் சென்றார். விவகாரம் ஃபிஃபா வரை போய் அவருக்கு நான்கு மாதத் தடை விழுந்தது. அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் ஆடி, 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் களமிறங்கிச் சாதனை படைத்த அந்த மனிதருக்கு, அல் அஹ்லியின் கதவு மீண்டும் திறக்கவே இல்லை. இது கடுமை என்று என் நண்பர்கள் பலர் சொல்வார்கள். எனக்கும் சில வேளைகளில் அப்படித் தோன்றியதுண்டு.

சாலிஹ் சலீம் 2002 மே 6 அன்று காலமானார். பத்து நாள் கழித்து, மே 16 அன்று, அல் அஹ்லி ஸமாலெக்கை 6-1 என்று வென்றது. காலித் பீபோ (அல் கதீப் அல்லர், வேறோர் ஆட்டக்காரர்) ஒருவரே நான்கு கோல்கள் அடித்தார். எங்கள் ஓட்டுநர் இந்த இரண்டு தேதிகளையும் எப்போதும் சேர்த்தே சொல்வார், தனித்தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாலிஹ் சலீமின் காலத்தில் 2001இல் அழைத்துவரப்பட்ட போர்த்துகல் பயிற்சியாளர் மனுவேல் ஜொஸே, வந்த ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸை வென்று சாம்பியன் கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில் பிரிந்து போனார். கிளப் அந்தப் பிரிவை ரோசமாக வைத்துக்கொள்ளாமல் மீண்டும் அவரையே அழைத்தது. 2005, 2006, 2008 என்று மேலும் மூன்று சாம்பியன் பட்டங்கள் வந்தன. அந்நாளைய அணி 55 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோல்வியே காணாமல் ஆடியது. 2006 நவம்பரில் துனீசியாவின் ராதெஸ் மைதானத்தில் நடந்த இரண்டாம் கட்ட இறுதி ஆட்டம் 90 நிமிடங்கள் கோலின்றி முடிந்து, முதல் கட்ட ஆட்டத்தின் முடிவையும் சேர்த்துப் பார்த்தால் கோப்பை ஸ்பாக்ஸியன் அணியின் கைக்குப் போய்விட்டது என்றே எல்லோரும் எண்ணிய நேரத்தில், 92ஆம் நிமிடத்தில் முகமது அபுத்ரிகா இடது காலால் அடித்த பந்து வலைக்குள் போனது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து நான் கெய்ரோ வந்தபோதும், சலூன் கடைச் சுவர்களில் அந்தக் கணத்தின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் மெக்சிகோவின் அமெரிக்கா அணியை 2-1 என்று வென்று மூன்றாம் இடம் பிடித்தார்கள். இரண்டு கோலும் அபுத்ரிகாவுடையவை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அல் அஹ்லியின் வரலாற்றைச் சொல்லிவிட்டு 2012 பிப்ரவரி 1ஐ விட்டுவிட முடியாது.

அன்று புதன்கிழமை. போர்ட் சயீத் நகரில் அல் மஸ்ரி அணியுடன் ஆட்டம். அல் அஹ்லி 3-1 என்று தோற்றது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்ததும் உள்ளூர்க் கூட்டம் ஆயிரக்கணக்கில் களத்துக்குள் இறங்கி, எதிரணி ரசிகர்கள் இருந்த பக்கம் ஓடியது. வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. இருட்டில், குறுகிய வழியில் நெரிபட்டும், அடிபட்டும், மேலிருந்து தள்ளப்பட்டும் 74 பேர் இறந்தார்கள். அவர்களில் 72 பேர் அல் அஹ்லியின் ரசிகர்கள். பெரும்பாலோர் மாணவர்கள். காயம்பட்டவர்களை ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைக்குத் தூக்கி வந்தார்கள். தங்கள் கண்முன்னே ரசிகர்கள் உயிர்விட்டதை ஆட்டக்காரர்களே பிறகு சொன்னார்கள். எங்கள் ஓட்டுநரின் தம்பி அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தான். இரவு முழுவதும் அவனுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ரம்ஸீஸ் ரயில் நிலையத்துக்கு வண்டி வரும் என்று கேள்விப்பட்டு அவரோடு நானும் போனேன். நடைமேடையில் தாய்மார்களும் தகப்பன்மார்களும் மகன்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரயில் வந்தபோது எவரும் கத்தவில்லை. பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். தம்பி இறங்கினான். ஒரு காலில் செருப்பில்லை, கழுத்தில் சிவப்புத் துண்டு அப்படியே இருந்தது. அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைவிட, அருகே படத்தோடு நின்றிருந்த ஒரு பெரியவர் "என் பிள்ளையைப் பார்த்தாயா?" என்று அவனிடம் கேட்ட குரல்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

இறந்தவர்கள் 'தால்தா ஷிமால்' என்று அழைக்கப்படும் மலிவுக் கட்டணப் பகுதியில் நின்று பாடுபவர்கள். 2011 எழுச்சியில் தஹ்ரீர் சதுக்கத்தில் முன்வரிசையில் நின்றவர்களில் இவர்களும் உண்டு. அதற்காகத் தங்களைப் பழிவாங்கவே காவலர்கள் கைகட்டி நின்றார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்தப் பருவத்து லீக் கைவிடப்பட்டது. அதே 2012 நவம்பரில், உள்நாட்டில் ஆடக் களமே இல்லாத அந்த அணி, துனீசியாவின் எஸ்பெரான்ஸை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆனது. இதற்குப் பணபலம் காரணம் என்று எவரேனும் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும்வரை உள்ளூரில் பந்து உருளக் கூடாது என்று ரசிகர்கள் கோரிக்கொண்டிருந்தபோது, எகிப்து சூப்பர் கோப்பை ஆட்டத்தை நடத்த முடிவாயிற்று. அபுத்ரிகா ஆட மறுத்தார். கிளப் அவருக்கு அபராதமும் இரண்டு மாத இடைநீக்கமும் விதித்தது. எல்லோருக்கும் மேல் கிளப் என்ற அதே விதிதான். ஆனால் 1985இல் அந்த விதி எதிர்த்து நின்றது ஆட்டக்காரர்களின் மிடுக்கை. 2012இல் அபுத்ரிகா தன் நலனுக்காக எதையும் கேட்கவில்லை, புதைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நின்றார். கிளப் என்பது யார் என்ற கேள்விக்கு அன்று நிர்வாகம் தவறான பதிலைச் சொன்னது என்பது என் உறுதியான கருத்து. அபுத்ரிகா மறுபடி வந்து, 2013 ஆப்பிரிக்கச் சாம்பியன் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸுக்கு எதிராக இரு கட்ட ஆட்டங்களிலும் கோல் அடித்துக் கோப்பையோடு விடைபெற்றார்.

அல் கதீபின் தலைமையைப் பற்றிச் சொல்வதானால் 2020ஐச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் மமெலோடி சன்டவுன்ஸ் அணி பிரிட்டோரியாவில் அல் அஹ்லியை 5-0 என்று நொறுக்கியது. கெய்ரோவில் அன்று மாலை கடைகள் நேரத்தோடு மூடப்பட்டன. அலுவலகத்தில் மறுநாள் எவரும் எவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சன்டவுன்ஸின் பயிற்சியாளர் பிட்ஸோ மொஸிமானே. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அல் அஹ்லி அவரையே தன் பயிற்சியாளராக அமர்த்தியது. எகிப்தியர் அல்லாத ஆப்பிரிக்கர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஐரோப்பியரையோ தென்னமெரிக்கரையோ தேடிப் பழகிய கிளப், தன்னை அவமானப்படுத்தியவரின் திறமையை மதித்துத் தன் கண்டத்திலிருந்தே ஆளை எடுத்தது. தலைமையின் துணிவுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்தில், 2020 நவம்பர் 27 வெள்ளிக்கிழமை இரவு, ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பைக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஸமாலெக்குடன். ஒரே நாட்டின், அதுவும் ஒரே நகரத்தின் இரண்டு அணிகள் அந்த இறுதியில் மோதியது அதற்கு முன் நடந்ததே இல்லை. கொரோனா காரணமாக மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடையில் தெருவரை நாற்காலி போட்டிருந்தார்கள். கடைக்காரர் ஸமாலெக் ரசிகர். அம்ர் அஸ்ஸுலையா முதலில் கோல் போட்டார், ஷிகாபாலா சமன் செய்தார். 86ஆம் நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே முகமது மக்தி அஃப்ஷாவிடம் பந்து வந்தபோது, தொலைக்காட்சி வர்ணனையாளர் "அல் காதியா மும்கின்" என்றார். ஆட்டத்தை முடித்துவைக்கும் அடி, ஒருவேளை, என்று பொருள். சொல்லி வாய் மூடுவதற்குள் பந்து வலையில் இருந்தது. அந்தக் கோலுக்கு இன்றும் அதுவே பெயர். தெரு முழுவதும் எழுந்து ஆடியது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த தம் வெள்ளைக் கொடியைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்த் தட்டு நிறையத் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அன்று அவர் எவரிடமும் காசு வாங்கவில்லை. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கைஸர் சீஃப்ஸை 3-0 என்று வென்று மீண்டும் கோப்பை. மொஸிமானே விலகிய பின், சுவிட்சர்லாந்தின் மார்செல் கோலர் 2023, 2024 ஆண்டுகளில் இன்னும் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஆப்பிரிக்காவில் வேறு எந்தக் கிளப்பும் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட இல்லை.

பணத்தைப் பற்றித் தங்கள் கட்டுரை சொன்னதில் பாதி உண்மை என்றேன். அல் அஹ்லி எகிப்தின் மிகப் பெரிய ரசிகர் கூட்டத்தைக் கொண்ட கிளப், விளம்பர வருவாயும் அதற்கேற்ப வருகிறது, நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களை மற்ற அணிகளிடமிருந்து எளிதில் எடுத்துக்கொள்கிறது. சிறிய ஊர்களின் அணிகளுக்கு இதில் நியாயமான மனக்குறை உண்டு. ஆனால் பணம் தலைமையைக் கேட்டு வந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சவூதி அரேபியாவின் துர்க்கி அல் ஷேக் 2017 இறுதியில் கிளப்பின் கௌரவத் தலைவராக்கப்பட்டார். சில மாதங்களிலேயே அவருக்கும் நிர்வாகத்துக்கும் பிணக்கு வந்து 2018 மே மாதம் அவர் விலகினார். அடுத்து அவர் வேறொரு கிளப்பை வாங்கி, அதற்குப் பிரமிட்ஸ் என்று பெயரிட்டுப் பெரும் பணத்தைக் கொட்டினார். பின்னர் கைமாறிய அந்தப் பிரமிட்ஸ் 2025இல் ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆனது. ஆகவே உரிமையாளரின் பணத்தால் கோப்பை வெல்ல முடியாது என்று நான் வாதிடவில்லை, வெல்ல முடிகிறது. அல் அஹ்லி அந்த வழியில் வெல்லவில்லை என்பதே என் கூற்று.

உறுப்பினர் ஆட்சியின் குறையும் எனக்குத் தெரியும். சந்தா எளியவர்களுக்கு எட்டாதது. கோடிக்கணக்கான ரசிகர்களில் வாக்குரிமை உள்ளவர்கள் மிகச் சிறு பகுதியினர். ரம்ஸீஸ் நிலையத்தில் படத்தோடு நின்ற அந்தப் பெரியவருக்குக் கிளப்பின் தேர்தலில் வாக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஓட்டுநருக்கும் இல்லை. மக்களுக்குரியது என்று பெயர் சூட்டிக்கொண்ட கிளப், தன் பிள்ளைகளை இழந்த அந்த மலிவுப் படிக்கட்டுகளுக்கு ஏதேனும் ஒரு வழியில் குரல் கொடுக்கும் நாள் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. 'உரிமையாளர்' என்ற சொல்லைத் 'தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்' என்று திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீகின் முடிவுகளை, இடமில்லாவிட்டால் இரண்டு வரியிலாவது, வாரந்தோறும் போடுங்கள். எங்கள் ஓட்டுநர் இப்போதும் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எனக்குத் தொலைபேசியில் முடிவைச் சொல்லிவிடுகிறார். நான் கேட்பது அப்படிச் சொல்ல ஆளில்லாத வாசகர்களுக்காக.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.